ஒறியன் நெபுலாவைப் படம்பிடித்தல்: பௌதிகவியற் பிரயோகப் பாடம்

க.பொ.த. (உயர் தரம்) – பௌதிகவியல்
தொடர்புடைய அலகுகள்: ஒளியியல், வட்ட இயக்கம், கதிர்ப்பு, சக்தி மட்டங்கள், அளவீட்டு வழு

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்

• நெபுலா ஒன்று ஒளிர்வதற்கான காரணத்தைச் சக்தி மட்டங்களைக் கொண்டு விளக்குவீர்கள்.
• வில்லையின் குவியத்தூரம், துவார விட்டம் ஆகியன படத்தைப் பாதிக்கும் விதத்தைக் கணிப்பீர்கள்.
• புவியின் சுழற்சியால் உடுக்கள் படத்தில் கோடாவதை அளவிட்டு, அதனைத் தவிர்க்கும் எளிய கருவியொன்றைத் திட்டமிடுவீர்கள்.
• பல படங்களை ஒன்றாக அடுக்குவதன் பயனைப் புள்ளிவிபர முறையில் விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, தை, மாசி மாதங்களில் முன்னிரவில் வானத்தை நோக்குங்கள். ஒரே வரிசையில் மூன்று பிரகாசமான உடுக்கள் தென்படும். இவை ஒறியன் (வேடன்) உடுத்தொகுதியின் இடைப்பட்டி ஆகும். இப்பட்டிக்குத் தெற்கே ஏறத்தாழ 4 பாகை தூரத்தில், வேடனின் வாள் எனப்படும் மங்கலான உடுக்களின் வரிசை உண்டு. அவ்வாளின் நடுவில் உள்ள "உடு" சற்றுப் புகை படிந்ததுபோற் காணப்படும். அது தனி உடு அன்று. அதுவே ஒறியன் நெபுலா (மெசியர் 42) ஆகும்.

இது புதிய உடுக்கள் பிறக்கும் வாயு, தூசு முகில் ஆகும். எம்மிலிருந்து இதன் தூரம் சுமார் 1350 ஒளியாண்டுகள். அதாவது இன்றிரவு உங்கள் கமராவில் விழும் ஒளி, சுமார் 1350 வருடங்களுக்கு முன்னர் அங்கிருந்து புறப்பட்டதாகும். வானத்தில் இதன் கோணப் பருமன் ஏறத்தாழ 1 பாகை. பூரணச் சந்திரனின் கோணப் பருமன் 0.5 பாகை மட்டுமே. எனவே இந்நெபுலா வானத்திற் சந்திரனைப்போல் இரு மடங்கு அகலமானது. இருந்தும் வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கற் புள்ளியாகவே தெரிகின்றது.

காரணம் அதன் சிறுமை அன்று, மங்கலே ஆகும். ஆகவே இதனைப் படம்பிடிப்பதில் முதன்மையான பிரச்சினை "எவ்வளவு பெருப்பிப்பது?" என்பதன்று; "எவ்வளவு ஒளியைச் சேர்ப்பது?" என்பதாகும். இவ்வொரு கருத்தை மனதிற் கொண்டால் பாடத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் இலகுவாக விளங்கும்.

2. சுருக்க வரலாறு

1610 – பிரான்சைச் சேர்ந்த பெயரெஸ்க் தொலைகாட்டியினூடாக இந்நெபுலாவை அவதானித்தார்.
1656 – ஒல்லாந்தரான ஹைகன்ஸ் இதனை அவதானித்து வரைந்தார்.
1880 – அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் செப்ரெம்பர் 30 ஆம் திகதி இதனை முதன்முதலாகப் புகைப்படம் எடுத்தார். ஒளிபடு நேரம் 51 நிமிடங்கள். இவர் தொழிலால் ஒரு மருத்துவர்.
1883 – இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் அன்ட்று கொமன், தமது வீட்டுத் தோட்டத்தில் இருந்த 91 சென்ரிமீற்றர் ஆடித் தொலைகாட்டியால் இதனைப் படமெடுத்தார். தொலைகாட்டியினூடாக நோக்கிய கண்ணுக்குத் தெரியாத உடுக்கள் அப்படத்திற் பதிவாகியிருந்தன.

இக்கடைசி நிகழ்வின் முக்கியத்துவத்தைக் கவனியுங்கள். அதுவரை புகைப்படம் கண் கண்டதைப் பிரதி செய்யும் சாதனமாகவே கருதப்பட்டது. அதன்பின் அது கண் காணாததைக் கண்டுபிடிக்கும் கருவியாயிற்று. டிரேப்பர், கொமன் ஆகிய இருவரும் வானியலை ஊதியத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர், ஆர்வத்தினால் ஈடுபட்டவர்கள்.

3. நெபுலா ஏன் ஒளிர்கின்றது?

பரீட்சையில் "நெபுலாவில் வாயு எரிகின்றது" என எழுதுவோர் பலர். இது தவறான விடையாகும். எரிதல் ஓர் இரசாயனத் தாக்கம். நெபுலாவில் நடைபெறுவது அயனாக்கமும் அதனைத் தொடர்ந்த காலலும் ஆகும்.

நெபுலாவின் மையத்தில் சரிவகம் எனப்படும் இளம் உடுக்கூட்டம் உள்ளது. அதில் மிகப் பிரகாசமான உடுவின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 39 000 கெல்வின். வீனின் இடப்பெயர்ச்சி விதிப்படி,

உச்சச் செறிவுக்குரிய அலைநீளம் = 2.9 × 10⁶ ÷ 39 000 ≈ 74 நனோமீற்றர்

தரை நிலையிலுள்ள ஐதரசன் அணுவை அயனாக்கத் தேவையான சக்தி 13.6 இலத்திரன் வோல்ற்று. இச்சக்தியுடைய போட்டனின் அலைநீளம்,

1240 ÷ 13.6 ≈ 91.2 நனோமீற்றர்

74 ஆனது 91.2 இலும் குறைவானது. எனவே அவ்வுடு காலும் கழியூதாக் கதிர்ப்பின் பெரும் பகுதி ஐதரசனை அயனாக்கப் போதுமானது. இவ்வாறு பிரிந்த இலத்திரன்கள் மீண்டும் புரோத்தன்களுடன் சேர்ந்து, படிப்படியாகத் தாழ்ந்த சக்தி மட்டங்களுக்கு இறங்குகின்றன. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது,

சக்தி வித்தியாசம் = 3.40 − 1.51 = 1.89 இலத்திரன் வோல்ற்று
அலைநீளம் = 1240 ÷ 1.89 ≈ 656 நனோமீற்றர் (சிவப்பு)

இதுவே ஐதரசன் அல்பாக் கோடு ஆகும். படங்களிற் காணும் சிவப்பு நிறம் பிரதானமாக இதனால் ஏற்படுகின்றது.

நெபுலாவின் மையப் பகுதியில் பச்சை கலந்த ஒளியும் உண்டு. இதன் அலைநீளம் 500.7 நனோமீற்றர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கோடு அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் பொருந்தாமையால், "நெபுலியம்" என்ற புதிய மூலகம் இருப்பதாகக் கருதினர். 1927 இல் ஐரா போவன் என்பவர், இது இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனால் காலப்படுவது எனக் காட்டினார். இதற்கு அணுக்கள் ஒன்றோடொன்று மிக அரிதாகவே மோதும் நிலை, அதாவது மிகத் தாழ்ந்த அடர்த்தி, தேவை. ஆய்வுகூட வெற்றிடங்களில் இக்கோடு தோன்றாமைக்குக் காரணம் இதுவாகும்.

4. கண்ணும் கமராவும்

தொலைகாட்டியினூடாக முதன்முறை நோக்கும் மாணவர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். நூல்களில் கண்ட சிவப்பு அங்கு இராது. சாம்பல் அல்லது இலேசான பச்சை நிறமே தெரியும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

(அ) மங்கல் ஒளியில் விழித்திரையின் கோல்களே தொழிற்படுகின்றன. அவை நிறத்தைப் பகுத்தறிவதில்லை. 656 நனோமீற்றர் சிவப்புக்கு அவற்றின் உணர்திறனும் மிகக் குறைவு.
(ஆ) கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒரு செக்கனின் சிறு பின்னத்தில் வந்த ஒளியைக் கொண்டே பார்வை உண்டாகின்றது. கமராவின் உணரியோ திரை திறந்திருக்கும் முழு நேரமும் ஒளியைச் சேர்க்கின்றது.

"அப்படியாயின் படத்திலுள்ள சிவப்பு பொய்யானதா?" எனச் சிலர் வினவுவர். இல்லை. 656 நனோமீற்றர் ஒளி உண்மையாகவே வந்துகொண்டிருக்கின்றது. எமது கண் அதற்குப் போதிய உணர்திறன் அற்றது. சாதாரண டிஜிட்டல் கமராவும் இச்சிவப்பை முழுமையாகப் பெறுவதில்லை. செந்நிறக்கீழ்க் கதிரைத் தடுப்பதற்காக உணரியின் முன் பொருத்தப்பட்டுள்ள வடிகட்டி, 656 நனோமீற்றர் ஒளியின் பெரும் பகுதியையும் தடுத்துவிடுகின்றது. ஆகவே உங்கள் படத்தில் நெபுலா ஆழ்ந்த சிவப்பாக அன்றி இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அது உங்கள் பிழையன்று.

5. தேவையான உபகரணங்கள்

• வில்லையை மாற்றக்கூடிய, ஒளிபடு நேரத்தைக் கையால் அமைக்கத்தக்க டிஜிட்டல் கமரா (பழையதாயினும் போதும்)
• 50 தொடக்கம் 200 மில்லிமீற்றர் வரை குவியத்தூரமுள்ள வில்லை
• உறுதியான முக்காலி
• தொடாமலே படமெடுக்கும் ஆளி அல்லது கமராவின் சுயநேரங்காட்டி
• மேலதிக பற்றரி, உலர்ந்த பருத்தித் துணி, சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு

தொலைகாட்டி கட்டாயமன்று. இதனைப் பின்வரும் கணிப்பால் அறியலாம்.

உதாரணம் 1
200 மில்லிமீற்றர் வில்லையால் உண்டாகும் நெபுலா விம்பத்தின் பருமன் யாது?

விம்பத்தின் பருமன் = குவியத்தூரம் × கோணம் (ஆரையனில்)
1 பாகை = 3.14 ÷ 180 = 0.0174 ஆரையன்
விம்பத்தின் பருமன் = 200 × 0.0174 ≈ 3.5 மில்லிமீற்றர்

சாதாரண கமரா உணரியொன்றின் அகலம் சுமார் 23 மில்லிமீற்றர். எனவே விம்பம் உணரியில் நன்றாக அடங்கும். உருவத்தைத் தெளிவாக அறியவும் முடியும்.

குவிய விகிதம்
குவிய விகிதம் = குவியத்தூரம் ÷ துவார விட்டம். பரந்த பொருளொன்றின் விம்பத்தின் பிரகாசம், குவிய விகிதத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமனாகும். குவிய விகிதம் 8 இலிருந்து 4 ஆகக் குறைந்தால் விம்பம் 4 மடங்கு பிரகாசமாகும். எனவே குவிய விகிதம் சிறிதான வில்லையைத் தெரிவு செய்க. எனினும் வில்லையை முற்றாகத் திறக்கும்போது ஓரங்களிலுள்ள உடுக்களின் உருவம் கெடக்கூடும். ஒரு படி குறைத்து வைத்தல் நன்று.

6. புவி சுழல்வதால் ஏற்படும் பிரச்சினை

புவி தனது அச்சைப் பற்றி ஒரு முறை சுழல எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம். இதற்குரிய கோண வேகம் 7.3 × 10⁻⁵ ஆரையன் / செக்கன். கமரா நிலையாக இருக்க, உடுக்களின் விம்பங்கள் உணரியின்மீது மெதுவாக நகரும்.

உதாரணம் 2
200 மில்லிமீற்றர் வில்லை, பிக்சலின் அகலம் 4 மைக்கிரோமீற்றர் எனின், ஒரு செக்கனில் விம்பம் எத்தனை பிக்சல்கள் நகரும்?

நகர்வு = 200 × 7.3 × 10⁻⁵ = 0.0146 மில்லிமீற்றர் = 14.6 மைக்கிரோமீற்றர்
பிக்சல்கள் = 14.6 ÷ 4 ≈ 3.7

அதாவது 2 செக்கன்களில் ஏறத்தாழ 7 பிக்சல்கள். உடு புள்ளியாக அன்றிச் சிறு கோடாகத் தெரியத் தொடங்கும். 50 மில்லிமீற்றர் வில்லையாயின் நகர்வு இதன் நாலிலொன்று ஆகும். அதே நீளமான கோடு தோன்ற 8 செக்கன்கள் செல்லும். ஆகவே நிலையான முக்காலியில் 50 மில்லிமீற்றர் வில்லைக்குச் சுமார் 6 செக்கன்களும், 200 மில்லிமீற்றர் வில்லைக்கு 1 அல்லது 1.5 செக்கன்களும் ஏற்ற ஒளிபடு நேரங்களாகும்.

7. பிணைச்சற் பின்தொடரி

இதனிலும் நீண்ட நேரம் ஒளி சேர்க்க வேண்டுமாயின் கமராவைப் புவியின் சுழற்சிக்கு எதிராகத் திருப்ப வேண்டும். விலையுயர்ந்த மோட்டர் தாங்கிகள் இதனைச் செய்கின்றன. இரண்டு பலகைகள், ஒரு கதவுப் பிணைச்சல், ஒரு நீண்ட திருகாணி ஆகியவற்றைக் கொண்டு பாடசாலையிலேயே இதனைச் செய்யலாம்.

அமைப்பு: இரு பலகைகளும் ஒரு முனையிற் பிணைச்சலால் இணைக்கப்படும். கீழ்ப்பலகை முக்காலியிற் பொருத்தப்படும். மேற்பலகையிற் கமரா பொருத்தப்படும். பிணைச்சலிலிருந்து குறித்த தூரத்தில் கீழ்ப்பலகையினூடாகச் செல்லும் திருகாணி, மேற்பலகையை மெதுவாக உயர்த்தும்.

உதாரணம் 3
திருகாணியின் புரியிடைத்தூரம் 1 மில்லிமீற்றர் (6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சாதாரண திருகாணி). அதனை நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றுவதாயின், பிணைச்சலிலிருந்து எவ்வளவு தூரத்தில் அதனை வைக்க வேண்டும்?

புவியின் ஒரு முழுச் சுழற்சி = 1436 நிமிடங்கள்
ஒரு நிமிடத்தில் சுழலும் கோணம் = 2 × 3.1416 ÷ 1436 = 0.004375 ஆரையன்
தூரம் = 1 ÷ 0.004375 ≈ 229 மில்லிமீற்றர்

திருகாணியின் தலையில் வட்டத் தட்டொன்றை ஒட்டி, கடிகாரத்தின் செக்கன் முள்ளுக்கு ஏற்பத் தொடர்ச்சியாகத் திருப்புக. நேரான திருகாணியாதலால் நேரம் செல்லச் செல்ல வழு கூடும். முதல் 10 நிமிடங்கள் வரை அது புறக்கணிக்கத்தக்கது. பின்னர் பலகையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் தொடங்குக.

கவனிக்க: பிணைச்சலின் அச்சு புவியின் அச்சுக்குச் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். அதாவது அது வடக்கு நோக்கி, உங்கள் இடத்தின் அகலாங்குக்குச் சமமான கோணத்தில் உயர்ந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இக்கோணம் சுமார் 9.7 பாகை, மட்டக்களப்பில் 7.7 பாகை; கொழும்பில் 6.9 பாகை. எமது நாடு மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் துருவ உடு அடிவானத்தை ஒட்டியே இருக்கும். பனைகளும் தென்னைகளும் அதனை மறைக்கும். அத்தகைய இடங்களில் திசைகாட்டியையும் பாகைமானியையும் பயன்படுத்துக. இதற்கு ஈடாக எமக்கு ஒரு நன்மையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒறியன் நெபுலா அடிவானத்திலிருந்து சுமார் 75 பாகை வரை உயர்கின்றது. அவ்வேளை ஒளி வளிமண்டலத்தினூடாகக் கடக்கும் பாதை குறுகியதாகும்.

8. ஏன் பல படங்கள்?

போட்டன்கள் ஒழுங்கற்ற முறையில் வந்து சேர்கின்றன. சராசரியாக 25 எண்ணப்படும் பிக்சலில், ஒரு படத்தில் 21 உம் மறு படத்தில் 29 உம் பதிவாகலாம். இத்தளம்பல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமனாகும்.

ஒரு படம்: சைகை 25, தளம்பல் √25 = 5, விகிதம் 5
100 படங்களின் கூட்டல்: சைகை 2500, தளம்பல் √2500 = 50, விகிதம் 50

படங்களின் எண்ணிக்கை 100 மடங்காக, தெளிவு 10 மடங்காகும். அடுக்குதல் எனப்படும் இம்முறைக்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு.

இனி நகர வெளிச்சத்தின் பாதிப்பைக் காண்போம். அதே பிக்சலில் வான வெளிச்சத்தால் மேலும் 75 எண்ணிக்கைகள் சேர்வதாகக் கொள்க. மொத்தம் 100, தளம்பல் 10. நெபுலாவின் சைகை 25 ஆகவே இருப்பதால் விகிதம் 2.5. இருண்ட கிராமத்தில் ஒரு படம் தரும் தெளிவைப் பெற, இங்கு 4 படங்கள் தேவை. தெருவிளக்கற்ற வயல் வெளியோ கடற்கரையோ உங்களுக்கு அண்மையில் இருப்பின், அது விலையுயர்ந்த வில்லையிலும் பெறுமதியானது.

9. செயன்முறை

(1) அமாவாசையை அண்டிய நாளைத் தெரிவு செய்க. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வடகீழ்ப் பருவக்காற்று மழை ஓய்ந்த பின்னர், தை பிற்பகுதியும் மாசியும் ஏற்றவை. பெரியவர் ஒருவருடனேயே செல்க.
(2) பிரகாசமான உடுவொன்றைக் கமராத் திரையிற் பெருப்பித்து, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை குவியத்தைக் கையாற் சரிசெய்க. தானியங்கிக் குவியம் இங்கு பயன்படாது.
(3) சுருக்கப்படாத "றோ" வடிவிற் பதிவு செய்க. உணர்திறன் 800 அல்லது 1600 இல் இருக்கட்டும்.
(4) 6 ஆம் பகுதியிற் கணித்த ஒளிபடு நேரத்தில் 100 படங்களாவது எடுக்க.
(5) வில்லையை மூடி அதே நேரத்தில், அதே வெப்பநிலையில் 20 "இருட்படங்கள்" எடுக்க. உணரியிலேயே உண்டாகும் வெப்பச் சைகையைக் கழிப்பதற்கு இவை உதவும்.
(6) பின்தொடரி உள்ளவர்கள் மையப் பகுதிக்காக 2 செக்கன் படங்கள் சிலவற்றையும் எடுக்க. நீண்ட நேரப் படங்களில் சரிவக உடுக்கள் வெண்மையாகப் பொங்கி மறைந்துவிடும்.
(7) வில்லையிற் பனி படிகின்றதா எனப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க. பலர் ஓரிரவின் உழைப்பை இதனாலேயே இழக்கின்றனர்.

அவதானம்: எந்த வில்லையையும் தொலைகாட்டியையும் பகலிற் சூரியனை நோக்கித் திருப்பலாகாது.

10. படத்தில் எதைக் காண வேண்டும்?

படம் கிடைத்ததும் அழகை மட்டும் பார்த்து வைத்துவிடாதீர்கள். மையத்தில் சரிவகம், அதன் கதிர்ப்பால் ஒளிரும் வாயு, ஒளிரும் பகுதியினுள் கருமையாக நுழையும் தூசு முகில் ஆகியவற்றை இனங்காணுங்கள். இங்குள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட இளம் உடுக்களின் வயது சில மில்லியன் வருடங்களே. எமது சூரியனின் வயதோ 4600 மில்லியன் வருடங்கள். 1990 களில் ஹபிள் விண்தொலைகாட்டி, இவ்வுடுக்கள் பலவற்றைச் சூழ வாயு, தூசுத் தட்டுகள் இருப்பதைக் காட்டியது. கோள்கள் உருவாவது இத்தகைய தட்டுகளிலாகும். எமது புவியும் ஒரு காலத்தில் இவ்வாறே தொடங்கியது.

நினைவிற் கொள்க

• நெபுலா எரிவதில்லை. அயனாக்கப்பட்டு ஒளியைக் காலுகின்றது.
• மங்கற் பொருளுக்கு உருப்பெருக்கத்திலும் ஒளி சேர்த்தலே முக்கியம்.
• விம்ப நகர்வு குவியத்தூரத்துக்கு நேர்விகிதசமன்.
• தெளிவு, படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமன்.

பயிற்சி வினாக்கள்

1. ஒறியன் நெபுலாவின் சிவப்பு நிறத்துக்குப் பிரதான காரணம்
(1) ஐதரசன் எரிதல் (2) தூசு ஒளியைத் தெறித்தல் (3) ஐதரசனில் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கான தாண்டல் (4) ஒட்சிசனின் காலல் (5) புவி வளிமண்டலத்தின் சிதறல்

2. துவார விட்டம் 50 மில்லிமீற்றர் உடைய இரு வில்லைகளின் குவியத்தூரங்கள் முறையே 200, 400 மில்லிமீற்றர். முதலாவதில் 60 செக்கன்களிற் பெற்ற விம்பப் பிரகாசத்தை இரண்டாவதிற் பெறத் தேவையான நேரம் (செக்கனில்)
(1) 15 (2) 30 (3) 60 (4) 120 (5) 240

3. 300 மில்லிமீற்றர் வில்லையும் 4 மைக்கிரோமீற்றர் பிக்சலும் உடைய கமரா நிலையாக உள்ளது.
(அ) நெபுலா விம்பத்தின் பருமனைக் காண்க.
(ஆ) 2 செக்கன்களில் விம்பம் நகரும் பிக்சல்களின் எண்ணிக்கையைக் காண்க.

4. புரியிடைத்தூரம் 1.25 மில்லிமீற்றர் உடைய திருகாணியை நிமிடத்துக்கு ஒரு முறை சுழற்றும் பின்தொடரியில், பிணைச்சலுக்கும் திருகாணிக்கும் இடையிலான தூரம் யாது?

5. மேற்பரப்பு வெப்பநிலை 5800 கெல்வின் உடைய உடுவொன்று தன்னைச் சூழ்ந்த ஐதரசன் முகிலை இவ்வாறு ஒளிரச் செய்யுமா? காரணம் தருக.

விடைகள்

1. (3)
2. (5). குவிய விகிதங்கள் 4, 8. பிரகாசம் நாலிலொன்றாகக் குறைவதால் நேரம் 4 மடங்காகும்.
3. (அ) 300 × 0.0174 ≈ 5.2 மில்லிமீற்றர். (ஆ) 300 × 7.3 × 10⁻⁵ × 2 = 0.0438 மில்லிமீற்றர்; 43.8 ÷ 4 ≈ 11 பிக்சல்கள்.
4. 1.25 ÷ 0.004375 ≈ 286 மில்லிமீற்றர்.
5. செய்யாது. வீனின் விதிப்படி உச்ச அலைநீளம் 2.9 × 10⁶ ÷ 5800 = 500 நனோமீற்றர். அயனாக்கத்துக்கு 91.2 நனோமீற்றரிலும் குறைந்த அலைநீளம் தேவை. அவ்வுடு காலும் அத்தகைய போட்டன்கள் மிகச் சிலவே.

வினா 5 க்கு "வெப்பநிலை போதாது" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. இரு அலைநீளங்களையும் கணித்து ஒப்பிட்டுக் காட்டுக.